மூணாங்கேள்வி

வன்னியேந்தல் கிளை நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த மெழுகுச் சோறு ஆவி விட ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து. அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் கிடையாது. ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருந்தது, கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மரில் பீஸ் போயிருந்தது, அவ்வளவுதான். பாமாயில் பாக்கெட்டோடு வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள், பெட்டியின் கண்ணாடி உள்பக்கமாக வேர்த்து வடிவதைப் பார்த்தார்கள், "நெத்திலிக் கருவாட்டு வாடைல்ல வருது" என்று மூக்கை உறிஞ்சினார்கள். "சோறு சுடச்சுட இருக்கு, ஆறுறதுக்குள்ள யாருக்காச்சும் போடுங்கத்தா" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போனாள். அதிசயம் என்ற வார்த்தை ஒருத்தர் வாயிலும் வரவில்லை. சோறு என்றால் சுடத்தானே செய்யும் என்பதுபோல இருந்தார்கள்.

கதிகலங்கிப் போனவள் ஒரே ஒருத்திதான், நூலகர் பஞ்சவர்ணம். பார்வையாளர் பதிவேட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்த பேனா அவள் கையில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கண்காட்சியை ஊருக்குக் கூட்டி வந்ததே அவள்தான். 'ஊரும் உணவும்' என்று பேர். கூழ்ப்பானை, களி கிண்டும் துடுப்பு, திருகை, பனையோலைப் பட்டை என்று கிராமத்துச் சாப்பாட்டுச் சாமான்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கிக் காட்டிவிட்டுப் போகிற நடமாடும் அருங்காட்சியகம் அது. நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிற ஏழு ஆண்களைத் தவிர ஈ காக்காய் எட்டிப் பார்ப்பதில்லையே, இதைக் காட்டியாவது நாலு சனம் உள்ளே வரட்டுமே என்று பஞ்சவர்ணம் விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி, உங்கள் ஊருக்கே உரிய உணவுப் பழக்கம் ஒன்றை எழுதுக என்று கேட்டிருந்தது. அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வன்னியேந்தலில் பிறந்த பிள்ளை பேசப் பழகும்போதே பழகிக்கொள்கிற விஷயம் அது, மூணாங்கேள்வி.

வன்னியேந்தலில் வீடு தேடி வந்த ஆளை மூன்று தடவை கேட்க வேண்டும். "சாப்பிட்டீகளா" என்று முதல் தடவை கேட்டால் வந்தவர் "ஆச்சு" என்பார். இரண்டு நாள் பட்டினி கிடந்து கண் இருட்டிக்கொண்டு வந்தவராக இருந்தாலும் "ஆச்சு" என்றுதான் சொல்வார், சொல்லாவிட்டால் அவருக்கு மரியாதை இல்லை. இரண்டாம் தடவை கேட்டால் "இப்பத்தான் ஆச்சு" என்பார். மூன்றாம் கேள்விக்கு வாய் திறக்காமல் கைகழுவச் செம்பைத் தேடுவார், உட்காருவார், உண்பார். ஒரு வாய் உண்ட பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார். கல்யாணப் பேச்சானாலும் சரி, சாவுச் செய்தியானாலும் சரி, கை நனைக்கும் முன்னே காரியத்தைச் சொல்வது கையேந்தி நிற்பதற்குச் சமம், ரோசமுள்ள யாரும் செய்ய மாட்டார்கள். முதல் "ஆச்சு"வைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரி "அப்ப சரி" என்று சொன்னால் கதை முடிந்தது, வாசலைப் பார்த்துப் போ என்று அர்த்தம். வாய்த்தகராறில் மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள்கூட வன்னியேந்தலில் வாசற்படியில் நின்றுகொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வருகிற பெண்ணுக்கு முதல் வாரமே சொல்லிவைத்துவிடுவார்கள்.

இத்தனையும் பஞ்சவர்ணம் எழுதவில்லை. 'வந்தாரை மூன்று முறை கேட்டு உபசரிக்கும் ஊர்' என்று முத்து முத்தான கையெழுத்தில் நாலு வரி எழுதினாள். மாதிரி உணவு என்ற இடத்தில் கை தன்போக்கில், வரகரிசிச் சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சுட்ட கத்தரிக்காய் என்று எழுதியது. ஏன் அதை எழுதினோம் என்று அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்து மெழுகுச் சிற்பிகள் அதை அப்படியே செய்து, வெண்கலக் கும்பாவில் இட்டு, அவள் எழுதின நாலு வரியை அட்டையில் அச்சடித்துப் பெட்டியில் ஒட்டி, வேனிலிருந்து இறக்கி வைத்தபோதுதான் அது எந்தச் சோறு என்று அவளுக்குத் தெரிந்தது. கும்பாவின் ஓரத்தில் கத்தரிக்காய்க் காம்பு கருகி ஒட்டியிருந்ததுவரைக்கும் அதே சோறு, அதே குழம்பு.

பத்தொன்பது வருஷம் ஆகிறது. பங்குனி மாசம், உச்சி வெயில். பஞ்சவர்ணத்தின் தம்பி சன்னாசி ரப்பர் வெட்டக் கேரளாவுக்குப் போய் நாலு மாசமாகத் தகவல் இல்லாமல் இருந்தான். அவன் பெண்டாட்டி முத்திருளாயி, கட்டி வந்து ஒன்றரை வருஷமான பிள்ளை, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உலையிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோறு, வீட்டு ஆட்கள் உண்டதுபோக இரண்டு பேருக்குக் காணும். பஞ்சவர்ணம் கேட்டாள்.

"சாப்பிட்டியாத்தா?"

"ஆச்சு மதினி."

இன்னும் இரண்டு தடவை கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் பஞ்சவர்ணத்தின் மனசில் அந்த நொடியில் ஓடியது இதுதான், மறைக்காமல் சொன்னால்: இன்றைக்குப் போட்டால் நாளைக்கும் வருவாள், தம்பி வருகிறவரைக்கும் வருவாள், இது வாடிக்கையாகிவிடும். அவளுக்கு முத்திருளாயியை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது, அதுவும் சேர்ந்துகொண்டது. "அப்ப சரி" என்றாள். முத்திருளாயி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள், வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி நடந்தாள். மிச்சச் சோற்றைச் சாயங்காலம் பஞ்சவர்ணம் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள், மாடு தின்றது.

அதற்குப் பிறகு சில நாளிலேயே சன்னாசி கேரளாவில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான் என்று தகவல் வந்தது. துக்க வீட்டில் பஞ்சவர்ணம் போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. முத்திருளாயி தாய்வீடு இருக்கிற ஓடைக்கரைப்பட்டிக்குப் போனவள்தான், அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆக்கிப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நல்லது கெட்டதுக்கு வந்து தலையைக் காட்டுவாள், ஆனால் பஞ்சவர்ணம் வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மூன்று தடவை கேட்டால் மூன்று தடவையும் "ஆச்சு மதினி" என்பாள். அவளுக்கு ஏதோ விரதம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். விரதம் இல்லை என்று தெரிந்த ஆள் பஞ்சவர்ணம் மட்டும்தான்.

இப்போது அந்தச் சோறு கண்ணாடிக்குள் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, தலைக்கு மேலே அவள் எழுதின நாலு வரியைச் சுமந்துகொண்டு.

கண்காட்சிப் பொறுப்பாளர் கிளாடிஸ், நாகர்கோவில்காரப் பெண், முதலில் ஈரப்பதம் என்று தன் நோட்டில் எழுதினாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். மிளகாயும் புளியும் கருவாடும் கலந்த வாசனை கூடம் முழுக்க எழும்பியது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏழு பேரும் பேப்பரை மடித்து வைத்தார்கள். ஊராட்சித் தலைவர் ராக்கப்பன், எதிலும் முந்திக்கொள்கிறவர், "தள்ளுங்கப்பா" என்று கையை விட்டு ஒரு கவளம் எடுத்தார். எடுத்தது மெழுகு. அவர் விரல் பதிந்த தடத்தோடு கெட்டியாக, குளிர்ந்து போய் இருந்தது. கையை வெளியே எடுத்தார், தடம் மறைந்தது, சோறு மறுபடியும் ஆவி விட்டது.

"நமக்கு ஆக்குன சோறு இல்ல போல" என்றார் தலைவர், முகம் கொஞ்சம் சுண்டிப்போய். "யாருக்கோ ஆக்கியிருக்கு."

அவ்வளவுதான், ஊர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. யாருக்கு ஆக்கியது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று வியாழக்கிழமை காலையில் நூலக வாசலில் பந்தல் போட்டார்கள், டோக்கன் கொடுத்தார்கள், முதல் டோக்கன் எந்த வகையறாவுக்கு என்று கோயில் திருவிழாவில் மல்லுக்கட்டுவதுபோல மல்லுக்கட்டினார்கள், கடைசியில் வயசில் மூத்தவர்கள் முதலில் என்று முடிவானதும் அதுவரை அறுபது என்று சொல்லித் திரிந்த மூன்று பெண்கள் ஒரே நாளில் எழுபதைத் தாண்டினார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவர்கள், பல் இல்லாதவர்கள், மீனை மோந்தாலே குமட்டும் சைவக்காரத் தலைமையாசிரியர் ஒருவர் (அறிவியலுக்காக என்று சொன்னார்), பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்த கண்டக்டர், எல்லாரும் கையை விட்டார்கள், எல்லாருக்கும் மெழுகு. தொடாதீர்கள் என்ற அட்டையைக் கிளாடிஸ் இரண்டு நாள் காத்துப் பார்த்தாள், மூன்றாம் நாள் அவளே கழற்றிவிட்டு வரிசையில் நின்றாள். அவளுக்கும் மெழுகுதான்.

காலனித் தெருவிலிருந்து இன்பவல்லி வந்தாள், அட்டையில் இருந்த நாலு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள், வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"மூணு தடவை கேக்குற ஊராம்ல. எங்க தெரு ஆளுகளை ஒரு தடவகூட யாரும் கேட்டது இல்லையே நூலகரம்மா? எழுதுறப்ப மறந்துட்டீகளா, இல்ல நாங்க ஊருல சேத்தி இல்லையா?"

வரிசையில் நின்றவர்கள் பந்தலின் கூரையைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணத்துக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. "தப்புத்தான் இன்பவல்லி" என்றாள். அது ஒரு தப்புக்குச் சொன்ன பதில்தான், அவளுக்குள்ளே இன்னொன்று கிடந்து குடைந்துகொண்டிருந்தது. இன்பவல்லியும் கையை விட்டுப் பார்த்தாள், "மெழுகு" என்று சொல்லிவிட்டு நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்றையிலிருந்து பேச்சு வேறு பக்கம் திரும்பியது. இது யாரோ ஒரு வாசலில் முதல் கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டவருக்கு ஆக்கின சோறு, யாரோ ஒரு வீட்டுக்காரி "அப்ப சரி" சொல்லியிருக்கிறாள், அதுதான் இப்படி வந்து நிற்கிறது என்று ஊர் தானாகவே கணக்குப்போட்டுவிட்டது. சொல்லிவைத்தாற்போல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்று ஞாபகம் வந்தது. பதிமூன்று வருஷம் பேசாமல் இருந்த அண்ணனை ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து கும்பாவின் முன்னால் நிறுத்தினான். ஒருத்தி எப்போதோ விரட்டின கோணிப்பை வியாபாரியைத் தேடி மானாமதுரை வரைக்கும் போய்க் கூட்டிவந்தாள், அவர் பாவம், எந்த வீடு என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. மாமியார்கள் மருமகள்களையும், மருமகள்கள் மாமியார்களையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாருக்கும் சோறு ஆகவில்லை. ஆனாலும் மெழுகைத் தொட்டுவிட்டுத் திரும்பிய சனங்கள், வந்ததுதான் வந்தோம் என்று சேர்ந்து வீட்டுக்குப் போய் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். அந்த ஒரு வாரம் வன்னியேந்தலில் அடுப்பு அணையவே இல்லை.

அடுப்புப் பற்றவைக்காத வீடு ஒன்றுதான், பஞ்சவர்ணத்தின் வீடு. அவள் புருஷன் வெள்ளைச்சாமி டீக்கடை இட்லியில் காலத்தை ஓட்டினார். அவளுக்கு ஒரு கவளம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காலையில் வந்து பதிவேட்டைத் திறந்து உட்காருவாள், ஊர்ப்பட்ட சனத்தின் பேரை எழுதுவாள், ஊரும் பேரும் கேட்பாள், தன் பேரை மட்டும் எழுதவில்லை, கும்பாப் பக்கம் மட்டும் போகவில்லை. "நீங்க ஒரு கை பாக்கலையா மேடம்?" என்று கிளாடிஸ் கேட்டபோது, "நாங்க நடத்துறவக, நாங்க தொடக்கூடாது" என்று சட்டம் பேசினாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் வாசனை விடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், மூன்று தடவை கேட்கும் ஊர் என்று எழுதினவளே ஒரு தடவையோடு நிறுத்தினவள் என்று ஊர் சிரிக்கும். சிரிப்பதுகூடப் பரவாயில்லை, செத்துப்போன தம்பியின் பெண்டாட்டியைப் பட்டினியாக அனுப்பினவள் என்று அவள் பிள்ளைகளின் காதுக்குப் போகும். புதன் போயிற்று, வியாழன் போயிற்று, சனி ஞாயிறு போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்புகிறது. போனால் இந்தச் சோறு அடுத்த ஊர் நூலகத்தில் ஆவி விடும், அதற்கடுத்த ஊரில் விடும், தமிழ்நாடு முழுக்க அவள் கையெழுத்தோடு அலையும்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலையில் பதிவேட்டைக் கிளாடிஸ் கையில் கொடுத்துவிட்டுப் பஞ்சவர்ணம் ஓடைக்கரைப்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்தில் முத்திருளாயி முழங்கை நீளக் கரண்டியால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மதினியைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டுக் கைகளைச் சேலையில் துடைத்தாள்.

"வாங்க மதினி. என்ன இம்புட்டுத் தூரம்? அண்ணன் நல்லாருக்காகள்ல?"

"இருக்காக. நாளைக்கு நீ வன்னியேந்தலுக்கு வரணும் முத்திருளாயி. நூலகத்துக்கு."

"அந்தச் சோத்துக்கா?" என்றாள் முத்திருளாயி. "இங்கயும் பேசிக்கிறாக. எனக்கு என்னத்துக்கு மதினி அதெல்லாம்? தெனம் நூத்திப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கி இறக்குறேன். சோத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு."

"அது உன் சோறுத்தா" என்றாள் பஞ்சவர்ணம். "நான் உனக்குப் போடாத சோறு."

முத்திருளாயி அவளையே பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அடுப்பில் சாம்பார் பொங்கியதும் திரும்பித் தீயை அமர்த்தினாள்.

"சரி, வாறேன்" என்றாள் முதுகைக் காட்டியபடி. "பிள்ளைக சாப்பிட்டதும் பன்னெண்டே முக்கால் பஸ்ஸுல வாறேன்."

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் பந்தல் கொள்ளாத கூட்டம். முத்திருளாயி கும்பா எதிரே வந்து நின்றதும் பஞ்சவர்ணம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். தலைவர், ஏழு பேப்பர்காரர்கள், இன்பவல்லி, தன் சொந்தப் புருஷன், எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அப்ப சரி சொன்னவளைத் தேடிக்கிட்டு இருந்தீகள்ல. நான்தான். பத்தொம்பது வருசத்துக்கு முன்னால இவ பசியோட என் வாசல்ல வந்து நின்னா. ஒரு தடவை கேட்டேன், அப்ப சரின்னு அனுப்பிட்டேன். மிச்சச் சோத்த மாட்டுக்குக் கொட்டினேன். அட்டையில எழுதியிருக்கிறது ஊரப் பத்தி. என்னைப் பத்தி இல்ல."

வெள்ளைச்சாமி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பஞ்சவர்ணம் முத்திருளாயி பக்கம் திரும்பிக் கைகூப்பிக்கொண்டு கேட்டாள்.

"சாப்பிட்டியாத்தா?"

"ஆச்சு மதினி."

"சாப்பிட்டியாத்தா?"

"இப்பத்தான் மதினி, பிள்ளைகளோட."

"முத்திருளாயி, சாப்பிட்டியாத்தா?"

முத்திருளாயி பதில் சொல்லாமல் கையை நீட்டினாள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அவள் விரல் பட்டதும் ஆவி அடங்கியது. மெழுகு. அவள் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கட்டி, அதில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"இது எனக்கு உள்ளது இல்ல மதினி" என்றாள் முத்திருளாயி. "நெசமாவே நான் சாப்பிட்டுத்தான் வந்தேன். இன்னைக்கும் சரி, அன்னைக்கும் சரி. அன்னைக்கு எங்காத்தா கம்மங்கூழ் கொண்டாந்திருந்துச்சு, வயித்துக்குக் குடிச்சிட்டுத்தான் வந்தேன். பசின்னு நான் உங்க வாசலுக்கு வரல."

"பெறகு?"

"காரியமா வந்தேன்."

அந்த வார்த்தையின் கனம் வன்னியேந்தல்காரர்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. பின்வரிசையில் யாரோ "அய்யோ" என்றார்கள்.

"அன்னைக்குக் காலையில அவரு கூட வேலை பாக்குற ஆளு தகவல் கொண்டாந்தான். காமாலை முத்திப்போய்ப் படுத்த படுக்கையா கெடக்காரு, ஆம்பள ஆளு யாராச்சும் வந்து தூக்கிட்டுப் போங்கன்னு. நான் மானாமதுரையத் தாண்டி எங்கயும் போனதில்ல. வெள்ளைச்சாமி அண்ணனை அனுப்புங்க மதினின்னு கேக்க வந்தேன். நீங்க இன்னும் ரெண்டு தடவை கேப்பீக, ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லலாம்னு நின்னேன். நீங்க அப்ப சரின்னீக. ஊர் வழக்கத்த மீறிச் சொல்லியிருக்கணும், சின்னப் புள்ள, ரோசம் வந்திருச்சு. வழி கேட்டுக் கேட்டு நானாத்தான் போனேன், போய்ச் சேர நாலு நாளாச்சு. முந்தின நாளு அடக்கம் பண்ணிட்டாக."

அவள் நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் மெழுகுக் கையைத் துடைத்தாள். பிறகு அதே குரலில் சொன்னாள்.

"துக்கத்துல என் முடியப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டீக. 'ஒரு வார்த்தை சொன்னியாடி பாவி, சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரு பறந்து போயித் தூக்கிட்டு வந்திருப்பாரே'ன்னு. அப்பவும் நான் வாயத் தொறக்கல மதினி. சொன்னா நீங்க தாங்க மாட்டீகன்னு தொறக்கல. அதுக்கப்புறம் உங்க வீட்டுச் சோறு எனக்கு எறங்கல."

பஞ்சவர்ணம் அந்த நாட்களை எண்ணிப் பார்த்ததே இல்லை. பத்தொன்பது வருஷமாக ஒரு கும்பா சோற்றுக்காக வெந்துகொண்டிருந்தாளே தவிர, அந்த மத்தியானத்துக்கும் தம்பியின் சாவுக்கும் நடுவில் எத்தனை நாள் கிடந்தது என்று ஒரு தடவைகூட விரல் விட்டுப் பார்த்தது இல்லை, பார்க்கத் துணிந்தது இல்லை. இப்போது எண்ணினாள். நூலகத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. "என் தம்பி" என்றாள். "என் கையால எந்தம்பியக் கொன்னேனே" என்றாள். வெள்ளைச்சாமி கிட்ட வரவில்லை, ஊரில் ஒருத்தரும் கிட்ட வரவில்லை.

முத்திருளாயி அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள். மதினியின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும் உதடு காய்ந்து வெடித்திருந்ததையும் பார்த்தாள். தினமும் நூற்றுப்பத்து முகங்களில் பசியைப் பார்க்கிற கண்ணுக்கு அதைப் பார்க்காமல் இருக்கத் தெரியாது.

"மதினி, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு" என்றாள் பஞ்சவர்ணம். யோசித்துச் சொன்னது இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"சாப்பிட்டீகளா மதினி?"

"இப்பத்தான் ஆச்சு."

கூட்டத்தில் தலைவர் ராக்கப்பன் பக்கத்தில் நின்ற ஆளிடம், "ஒம்போது நாளா கைய மட்டும் நீட்டுனமே, நம்மல்ல ஒருத்தன் ஒருத்தனைப் பாத்து இதக் கேக்கலையேப்பா" என்று முனகினார். மூன்றாம் கேள்வி வருமா என்று ஊர் முழுக்க முத்திருளாயியின் வாயைப் பார்த்தது. அவள் அவசரப்படவில்லை. அங்கேயே எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாலும் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் வாசலைப் பார்க்கவும் செய்தாள். பிறகு கேட்டாள்.

"மதினி, சாப்பிட்டீகளா?"

பஞ்சவர்ணம் பதில் சொல்லவில்லை. இன்பவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினாள். முத்திருளாயி பெட்டியிலிருந்து கும்பாவைத் தூக்கினாள், சுட்டது, கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்து மதினியின் மடிக்கு முன்னால் வைத்தாள். பஞ்சவர்ணம் விரலை வைத்தாள். விரல் சோற்றுக்குள் இறங்கியது. பொலபொலவென்று வரகரிசி, சூடு, ஆவி, கருவாட்டு வாசனை, ஒன்றும் அடங்கவில்லை.

முதல் கவளம் வாய்க்குள் போனதும் முத்திருளாயி எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாதீக மதினி" என்றாள். "மன்னிக்க எனக்கு வரல. வருமான்னும் தெரியல. பசியோட ஒரு ஆளு எதிர்ல இருந்தா எனக்குக் கை நிக்காது, அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு ரெண்டே முக்கால் பஸ்ஸுக்கு நடந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது, யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பஞ்சவர்ணம் எழுந்து பின்னால் ஓட நினைத்தாள், காலில் விழ நினைத்தாள், ஆனால் வாய் நிறையச் சோறு இருந்தது. துப்பிவிட்டுப் போக முடியாது. விழுங்கினாள். உப்பும் புளியும் அளவாக, ஒரு குறை சொல்ல முடியாதபடி ருசியாக இருந்தது. ஒன்பது நாள் பசி மொத்தமும் ஒரேயடியாக எழும்பியது. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பஸ் ஹாரன் அடித்துக் கிளம்புகிற சத்தம் காதில் விழ, அவள் அழுதுகொண்டே, வெட்கமில்லாமல், கும்பாவை வழித்துத் தின்றாள்.